நாட்டார் வீட்டு வழக்கு

என் பெயர் மண்ணாங்கட்டி. அதை எழுதும்போது உங்கள் ஆள் கொஞ்சம் சிரித்தார். தப்பில்லை. எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. நல்ல பெயராக வைத்தால் எமன் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து என் தாய் இப்படி வைத்தாள். வைத்திக்குப்பத்தில் இப்போது யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

போலீஸ் கொமிசேர் ஐயா, என்னை யாரும் பிடித்து வரவில்லை, அடிக்கவுமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். நானாக வந்தேன். கடற்கரை ஓரமாக வராமல் ஊருக்குள் புகுந்து சுற்றி வந்ததால் கொஞ்சம் தாமதம். அந்தக் கிழக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னால் நல்லது. அலைச் சத்தத்தில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்காமல் போகலாம்.

நாட்டார் என்பது சம்பளத்து உத்தியோகம் இல்லை. குப்பத்துக்குள் வலைத் தகராறானாலும் சரி, புருஷன் பெண்டாட்டிச் சண்டையானாலும் சரி, மாரியம்மன் கோயில் முன்னால் மணலில் ஊர் கூடும். கோயில் படியில் நாட்டார் உட்காருவார். வழக்கு உள்ளவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணலில் நிற்பார்கள். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்திலும் இப்படித்தான். அவன் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலு வருஷமாகிறது, இப்போதும் இப்படித்தான். என் அப்பா அந்தப் படியில் உட்கார்ந்தார். அவருடைய அப்பாவும் உட்கார்ந்தார். எங்கள் வீட்டு ஆண்பிள்ளை எவனும் மணலில் நின்றதில்லை.

அந்தப் படியில் உட்கார்ந்து நான் பல பெண்களுக்குத் தீர்த்துவிட்டிருக்கிறேன். எங்களில் அது பெரிய காரியம் இல்லை. புருஷன் சரியில்லை என்றால் ஊர் முன்னால் தாலியைக் கழற்றி வெற்றிலை மேல் வைத்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விடலாம். அன்னக்கிளி என்று ஒரு பெண். புருஷன் அவள் தோளில் சூடு போட்டிருந்தான். அவளுக்கு ஒரே மாலையில் தீர்த்துவிட்டேன். அவள் அப்பன் என் காலில் விழுந்தான். எனக்கு இரக்கம் கிடையாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாட்டார் வீட்டிலேயே வழக்கு என்றால் நாட்டார் படியை விட்டு இறங்க வேண்டும். மற்றவர்களைப் போலத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு வேறொருவன் படியில் உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்பான். முடிந்ததும் மறுபடி ஏறி உட்காரலாம் என்று சொல்கிறார்கள். அப்படி ஏறியவரை நான் பார்த்ததில்லை.

என் மகள் அஞ்சலாட்சி. ஒரே பெண். அவளை என் அக்காள் மகன் கோவிந்தராசுவுக்குக் கொடுத்தேன். வெளியில் கொடுத்தால் என்னவோ ஏதோ என்று இருக்கும். சொந்தம் என்றால் நம் கண் முன்னாலேயே இருப்பாள் என்று நினைத்தேன். அவன் வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அவள் கூப்பிடுவது எங்கள் வாசல் வரை கேட்கும். அவள் அம்மா செல்வாம்பாள் எழுந்து போகப் பார்ப்பாள். நான் உட்கார் என்பேன். உட்காருவாள்.

கோவிந்தராசு நல்ல தொழில்காரன். கடலில் அவனுக்குப் பயமே கிடையாது. கரைக்கு வந்தால் சாராயம் குடிப்பான், குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளிலும் அடிப்பான் என்று அஞ்சலாட்சி சொன்னாள். கையால் அடித்தது போய், துடுப்பால் அடிக்கத் தொடங்கினான். போன மாசியில் அவள் வயிற்றில் இருந்தது தங்கவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னோம். அந்தக் கிணற்றடியில் வழுக்கி விழுகிற அளவுக்குத் தண்ணீர் இருந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் நாட்டார் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவாள். மரங்கள் கரை ஏறும் நேரம் (கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம்) அவள் பேச்சு நின்றுவிடும். கோவிந்தராசு துடுப்பை வாசலில் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீசிப் போட்டால் பயமில்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தால்தான் பயம் என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் நான் என் துடுப்பைச் சாய்த்து வைத்தாலும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டில் என்னைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆனியில் ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். இடது கண் திறக்க முடியவில்லை.

"நைனா, ஒரே ஒரு வாட்டி ஊரக் கூட்டு. நானே பேசிக்கிறேன். நீ ஒரு வார்த்த பேச வேணாம்."

"நான் எங்க நிக்கறது?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். செல்வாம்பாள்தான் அடுப்படியிலிருந்து பேசினாள்.

"மணல்ல நின்னா காலு தேஞ்சிடுமா? அன்னக்கிளிக்குத் தீத்துவுட்டல்ல? ஊரான் பெத்தா பொண்ணு, நீ பெத்தா கருவாடா?"

அவள் அப்படித்தான் பேசுவாள். அஞ்சலாட்சியைக் கூட்டிக்கொண்டு போய்க் கோவிந்தராசு வீட்டில் விட்டேன். ஒவ்வொரு தடவையும் நானேதான் கொண்டுபோய் விட்டேன், அதில் குறை வைத்ததில்லை. அந்த வாசலுக்கு வந்ததும் அவள் என் தோள் துண்டின் நுனியைப் பிடித்துக்கொள்வாள். சின்னப் பிள்ளையில் திருவிழாக் கூட்டத்தில் பிடித்துக்கொண்டு வருவாளே, அந்த மாதிரி. விடுவித்துக்கொண்டு வருவேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புருஷன் கடலில் இருக்கும்போது மீனவன் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது. விற்கப் போகலாம், தண்ணீருக்குப் போகலாம். கோபித்துக்கொண்டு போகக் கூடாது. போனால் கடலில் இருப்பவன் உயிருக்கு ஆபத்து. ஆனால் கோவிந்தராசு கரையில் இருக்கும்போது அஞ்சலாட்சி வாசற்படி தாண்ட முடியாது. அவன் கடலில் இருக்கிற நேரம்தான் அவளுக்கு உண்டு. அந்த நேரத்தில் போனால் ஊர் அவளைப் புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்று சொல்லும். இதை அவள் நன்றாக யோசித்திருக்க வேண்டும். இருந்தும் போனாள்.

அவளைக் கூட்டிப்போனவள் தனக்கொடி. என் சித்தப்பா மகள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மீன் விற்றுப் பிழைப்பவள். விடியற்காலையில் கூடை தூக்கிக்கொண்டு போகிற பெண்களின் நடுவில் அஞ்சலாட்சியின் தலையிலும் ஒரு கூடையை வைத்து, முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டு நடத்திக் கூட்டிப்போய்விட்டாள். கூடப் போன பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குக் கரையில் சனம் கூடிவிட்டது. கோவிந்தராசுவின் மரம் வராது என்றே எல்லோரும் நினைத்தார்கள். என் அக்காள் கற்பூரம் ஏற்றி மார்பில் அடித்துக்கொண்டாள். நானும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரம் வந்தது. மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் அன்று நல்ல மீன்பாடு. வஞ்சிரம் மட்டும் ஒரு கூடை. அம்மன் பொறுத்துக்கொண்டாள் என்று ஊர் சொன்னது.

அவன் விஷயம் தெரிந்ததும் நேராக என் வாசலுக்கு வந்தான். அன்று குடிக்கவில்லை. துடுப்பை என் வீட்டுச் சுவரில் மெதுவாகச் சாய்த்து வைத்தான். உள்ளே செல்வாம்பாள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது.

"எம் பொண்டாட்டி எங்க மாமா?"

"எனக்குத் தெரியாது."

"ஊருக்கே நாயம் சொல்றவரு. ஒம் பொண்ணு இருக்கற எடம் ஒனக்குத் தெரியாது. நல்லா இருக்கு." சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "நானே தேடிக்கிறேன். கெடச்சா உசுரோட கொண்டாந்து காட்டறேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

அவன் வாயால் சொல்வதைச் செய்கிறவன். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. நான் பயந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். அவன் அவளைக் கொன்றால் விஷயம் உங்களிடம் வரும், கோர்ட்டுக்குப் போகும், என் பெயரும் என் அக்காள் பெயரும் பேப்பரில் வரும். அவன் கொல்லாவிட்டால் ஊர் கூடும், நான் மணலில் நிற்பேன். இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சில நாள் கழித்துத் தனக்கொடி வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"ஊர்ல அல்லாரும் ஒம் பொண்ணு எங்க எங்கன்னு கேக்கறாங்க. நீ மட்டும் கேக்கல அண்ணே."

"எங்க?" என்று கேட்டேன்.

"இப்பக் கேளு. கற்பூரம் கொளுத்தி அணைச்சி சத்தியம் பண்ணு. அந்தப் பாவிகிட்ட காட்டிக் குடுக்க மாட்டேன்னு சொல்லு. அப்பறம் சொல்றேன்."

கோயிலுக்குப் போனோம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். எங்களில் அப்படிச் செய்து பொய் சொன்னவன் கிடையாது. கனகசெட்டிக்குளத்தில் தனக்கொடியின் அக்காள் அங்கம்மாள் வீட்டில் அஞ்சலாட்சி இருக்கிறாள் என்று சொன்னாள்.

"ஒன்ன வுட்டா அவளுக்கு யாரு இருக்கா? ஊரக் கூட்டித் தீத்துவுடு. ஒரு நாளு நிக்கறதுல ஒண்ணும் கொறஞ்சிட மாட்ட. நீ நிக்கறதப் பாத்து நாலு பொண்ணுங்க கும்புடும்."

பாவம், நல்ல மனசுக்காரி. என்னை நம்பினாள். நானும் சத்தியத்தை மீறவில்லை. கோவிந்தராசுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும்தான் போனேன்.

விடியலில் மற்ற மரங்களோடு சேர்ந்து என் மரத்தையும் தள்ளினேன். தெற்குக் காற்று. சின்னப் பாயைக் கட்டி வடக்கே ஓடி, வெயில் ஏறும் நேரத்துக்குக் கனகசெட்டிக்குளம் கரையில் ஒதுங்கினேன். அங்கம்மாள் வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுத்தாள். அஞ்சலாட்சி வரவில்லை. நான் உள்ளே போனேன். நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.

"அவரு வந்துருக்காரா?"

"இல்ல. ஊரக் கூட்டப் போறேன். ஒனக்குத் தீத்துவுடறேன். வா."

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். கண் வீக்கம் வடிந்திருந்தது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள், கன்னத்தில் தெரிந்தது. "நீ நிப்பியா நைனா?" என்று கேட்டாள். நிற்கிறேன் என்றேன். சேலையைச் சரிசெய்துகொண்டு உடனே புறப்பட்டுவிட்டாள். அங்கம்மாள் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நேரமில்லை என்று சொன்னேன். அவளைச் சாப்பிட விட்டிருக்கலாம். அது ஒன்றுதான் எனக்குக் குறையாக இருக்கிறது.

ரோட்டு வழியாகப் போனால் கோவிந்தராசு கண்ணில் பட்டுவிடும், கடல் வழியாகப் போகலாம் என்றேன். அலை விளிம்பில் வந்து நின்றாள். அதற்கு மேல் கால் வைக்கவில்லை. எங்கள் பெண்கள் மரத்தில் ஏறுவதில்லை. தொடுவதே கூடாது. தொட்டால் அந்த மரத்துக்குப் பாடு கிடைக்காது. சின்ன வயதில் ஒருமுறை விளையாட்டாக ஏறிவிட்டாள் என்று நானே அவளை அடித்திருக்கிறேன்.

"நான் ஏறலாமா நைனா?"

"நாட்டார் சொல்றேன். ஏறு."

குனிந்து மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். நடுவில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுக்காக நான் வழக்கத்தை மீறுகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் மீறவில்லை ஐயா. ஏறி இறங்கினால்தான் ஏறியதாகக் கணக்கு.

மற்ற மரங்கள் எல்லாம் கரை சேர்ந்துவிட்ட நேரம். கடலில் ஆள் இல்லை. ஊர் இருப்பது தெற்கே, காற்றும் தெற்கிலிருந்து வருகிறது, வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். அது உண்மைதான். தொழில்காரனைக் கேட்டால் சொல்வான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே வந்தாள். தாலியை வெற்றிலையில் வைத்த பிறகு தனக்கொடியோடு மீன் விற்கப் போகப் போவதாகச் சொன்னாள். கூடை தூக்குவது முதல் நாள் கழுத்து வலித்ததாம், இப்போது பழகிவிட்டதாம். பிறகு பேச்சு குறைந்தது. தென்னை மரங்கள் புல் மாதிரி ஆகிவிட்டன.

"கர தள்ளிப் போவுதே நைனா."

நான் துடுப்பை எடுத்து மரத்தின் மேல் வைத்தேன். வீசவில்லை. மெதுவாகத்தான் வைத்தேன். அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பெண்களுக்கு நீச்சல் தெரியாது. கடலுக்குள் அவர்களுக்கு வேலை இல்லை. கட்டுமரத்துக்குப் படகு மாதிரிச் சுவரும் கிடையாது, தண்ணீர் மேலேயே ஏறி இறங்கும். அவள் இரண்டு கையாலும் மரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகக் கெஞ்சினாள்.

"என்ன அவருகிட்டயே கொண்டுபோய் வுட்டுடு நைனா. இனிமே வர மாட்டேன். அடிச்சாலும் கூப்புட மாட்டேன். ஒங்களுக்குக் கேக்காம இருக்கறேன்."

இதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். நான் மரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். அவள் கயிற்றை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பிறகு பாயைத் திருப்பிக் கட்டிக்கொண்டு தெற்கே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. சேலை கொஞ்ச நேரம் மிதக்கும் என்று தெரியும்.

வீட்டில் செல்வாம்பாள் கேட்டாள்.

"எங்க போயிருந்த?"

"கடலுக்கு."

"மீனு?"

"படல."

அவள் என் கையைப் பார்த்தாள். நகம் கீறியிருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு வைக்கிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை. ராத்திரியில் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கிறாள்.

மறுநாளே தனக்கொடி ஓடிவந்தாள். அங்கம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். "நீ வந்து கூட்டிக்கினு போனியாமே அண்ணே. நல்ல காரியம் பண்ண. எங்க வச்சிருக்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான், கரை இறங்கியதும் என்னிடம் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டாள் என்றேன். இந்தக் காரியத்தில் நான் யோசிக்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

அஞ்சலாட்சி தனியாகப் போயிருக்க மாட்டாள் என்று ஊர் பேச ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஒரு ஆளையும் சேர்த்துவிட்டார்கள். குப்பத்துப் பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ரொட்டிக்காரன் ஒருவன் காரைக்காலுக்குப் போய்விட்டானாம். அவனோடுதான் போய்விட்டாள் என்கிறார்கள். அவன் முகத்தையே அவள் பார்த்திருக்க மாட்டாள். பிள்ளைகள் என்னைக் கண்டால் ரொட்டி ரொட்டி என்று கத்திவிட்டு ஓடுகின்றன. கோவிந்தராசு எல்லோர் முன்னாலும், "நான் அடிச்சது பத்தல மாமா, பத்தியிருந்தா ரொட்டி கேட்டிருக்குமா?" என்றான். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. நான் போகும் இடமெல்லாம் எதிரில் வந்து நிற்கிறாள். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இன்று மாலை ஊர் கூடுகிறது. நாட்டார் மகள் ஓடிப்போன வழக்கு. நேற்று ஆள் வந்து எனக்கே சொல்லிவிட்டுப் போனான், துண்டு எடுத்துக்கொண்டு வரும்படி.

உங்கள் ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு எழுதட்டும். எனக்கு அவசரம் மாலைக்குள்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். அவளுக்கு உதவி செய்ததாகத் தனக்கொடி சொல்வாள். செய்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தகப்பன் செய்ய வேண்டியதைத் தகப்பன்தான் செய்ய முடியும். இனி அவளை எவனும் அடிக்க முடியாது. என் மகள் ஒழுக்கமானவள். எவனோடும் ஓடவில்லை. அதை முதலில் எழுதுங்கள். எழுதி, ஊர் கூடுவதற்குள் ஒரு போலீஸ்காரரை அனுப்பி, கோயில் படி மேல் நின்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நான் அவளைக் கொன்றேன் என்பதைக் கடைசியில் படித்தால் போதும்.